பத்து மணிப் பூவும் அது பிறந்த மணலும்

டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லாத விஷயம்தான். மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "நர்சரியில் பார்த்தபோது பத்து மணிப் பூ கூடை நிறையப் பூத்திருந்தது. ஆசைப்பட்டு வாங்கி வந்தேன். தினமும் தண்ணீர் விட்டேன், உரம் போட்டேன், வெயில் படாமல் நிழலில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். தண்டுதான் நீண்டதே தவிரப் பூவைக் காணோம். அப்புறம் ஒருநாள் மழையில் அடித்தண்டு அழுகி மொத்தமும் சாய்ந்துவிட்டது." அவர்கள் எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் தண்ணீர், உரம், நிழல் என்று கொடுத்த மூன்றுமே அந்தச் செடிக்கு ஒத்துவராதவை. ஏன் ஒத்துவராது என்று தெரிந்துவிட்டால், இதைவிடச் சுலபமாக வளரும் பூச்செடி வேறு இல்லை என்பது உங்களுக்கே புரியும்.

முதலில் எந்தச் செடியைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். நர்சரிக்காரர்கள் டேபிள் ரோஸ் என்பார்கள், வீடுகளில் பத்து மணிப் பூ. தாவரவியலில் போர்ச்சுலாகா கிராண்டிஃப்ளோரா. தரையோடு படரும். தண்டு சிவந்து சதைப்பற்றோடு இருக்கும். இலை விரல் நுனியால் உருட்டிப் பார்க்கலாம் போல உருளையாக, கூர்நுனியோடு இருக்கும். பூ அடர் ரோஸ், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று கலந்து பூக்கும். ஐந்து இதழ் மட்டும் உள்ள ஒற்றை ரகமும் உண்டு, சின்ன ரோஜாவைப் போல இதழ் அடுக்கிய ரகமும் உண்டு. இப்போது கடைகளில் தட்டையான, அகன்ற இலையோடு இன்னொன்று நிறைய வருகிறது. அது பெரும்பாலும் இதன் உறவான போர்ச்சுலாகா அம்ப்ராட்டிகோலா என்ற இனத்திலிருந்து வந்தது. வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் இதற்குமேல் பிரித்துக் குழப்பவில்லை. நம் வயல் வரப்பில் தானாக முளைக்கும் பருப்புக் கீரையும் இதே குடும்பம். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பூச்செடியைப் புரிந்துகொள்ள அந்தக் கீரை நிறைய உதவும்.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா: அர்ஜென்டினா, உருகுவே, பிரேசிலின் தென்பகுதி. தோட்டக்கலை உலகுக்கு இதை எடுத்துக் கொடுத்தவர் ஜான் கில்லீஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். உடல்நலம் தேடி அர்ஜென்டினாவின் மெண்டோசா நகருக்குப் போனவர், அங்கே இருந்த காலமெல்லாம் செடிகளைச் சேகரித்துத் தாயகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கர், 1829-இல் கர்ட்டிஸின் தாவரவியல் இதழில் படத்தோடு இதற்குப் பெயர் கொடுத்துப் பதிவு செய்தார். பின்னாளில் லண்டன் கியூ தோட்டத்தின் இயக்குநரானவர் இவர்தான். கில்லீஸ் தந்த குறிப்பில் என்னை மிகவும் கவர்ந்த ஒரு விவரம் உண்டு. டெசாகுவாடெரோ ஆற்றுக்கு மேற்கே, லேசான மணல் மண்ணில் இந்தச் செடி அவ்வளவு அடர்ந்து பரவியிருந்ததாம். தரை முழுக்க ஊதாவாகத் தெரிய, நடுநடுவே ஆரஞ்சுத் திட்டுகள் இருந்திருக்கின்றன.

மெண்டோசாவைக் கொஞ்சம் மனத்தில் கொண்டுவாருங்கள். ஆண்டிஸ் மலையின் மழை மறைவில் இருக்கிற ஊர். ஒரு வருஷத்துக்கு அங்கே விழும் மழை ஏறக்குறைய 200 மில்லிமீட்டர். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் ஒரு பெரும் மழை நாள் இதை ஊற்றிவிட்டுப் போய்விடும். வெயில் சுள்ளென்று அடிக்கும், மண்ணில் மணல் அதிகம், சத்து குறைவு, விழுகிற தண்ணீரும் நிற்காது. இந்தச் செடியின் உடம்பு அந்த மண்ணுக்காக அமைந்தது. சதைப்பற்றான தண்டும் உருளை இலையும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பாத்திரங்கள். வேர் மெலிது, மேலாக ஓடுவது. எப்போதோ பெய்யும் மழை மண்ணின் மேல்தட்டை நனைத்தவுடன் உறிஞ்சிக்கொள்ள அது போதும். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிக்கொண்டு கிடக்க அந்த வேருக்குத் தெரியாது.

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். எந்தச் செடியும் இலையிலுள்ள நுண்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் தனக்கு உணவு சமைக்கிறது. துளை திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும். வறண்ட ஊர்ச் செடிக்கு இது பெரிய சிக்கல். அதோடு, வெப்பம் ஏறும்போது இலைக்குள் கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி அடிக்கடி ஆக்ஸிஜனைப் பிடித்துவிடும். நெல் போன்ற பெரும்பாலான பயிர்களில் இந்த இழப்பு உண்டு. கரும்பும் சோளமும் மக்காச்சோளமும் கேழ்வரகும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. கரியமில வாயுவை முதலில் நாலு கார்பன் உள்ள ஓர் அமிலமாகக் கட்டி, இலையின் உட்புறத்துத் தனி அறைகளுக்குக் கொண்டுபோய் அங்கே விடுவிக்கின்றன. அந்த நொதியைச் சுற்றிக் கரியமில வாயு நெருக்கமாக இருப்பதால் தவறு குறைகிறது. இதற்கு சி4 முறை என்று பெயர். நல்ல வெயிலில் இந்தச் செடிகள் வேகமாக வளர்வதற்கு இதுதான் காரணம்.

கள்ளி, கற்றாழை, பிரண்டை, அன்னாசி ஆகியவை வேறு வழியில் போகின்றன. குளிர்ந்த இரவில் துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்துக்கொள்ளும். பகலில் துளையை மூடிக்கொண்டு, வெயிலின் சக்தியால் உள்ளிருப்பை வைத்தே சமைக்கும். ராத்திரியே மாவை அரைத்து வைத்துவிட்டு விடிந்ததும் இட்லி ஊற்றுவது மாதிரி. ஈரம் மிச்சமாகும், ஆனால் வளர்ச்சி மெதுவாக இருக்கும். இதன் பெயர் காம் முறை.

நம் பத்து மணிச் செடியும் அதன் குடும்பமும் இந்த இரண்டையுமே செய்கின்றன. தண்ணீர் இருக்கும்வரை சி4 முறையில் கரும்பைப் போல வேகமாக வளரும். தண்ணீர் நின்றால் காம் முறைக்கும் இடம் கொடுத்து, இரவில் அமிலம் சேர்க்கத் தொடங்கும். திரும்பவும் தண்ணீர் கிடைத்தால் பழைய வழிக்கு வந்துவிடும். இரண்டு முறையையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கும் செடிகள் உலகத்தில் மிகச் சில. 2022-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பருப்புக் கீரையின் இலையை நுணுக்கமாக ஆராய்ந்து, இந்த இரண்டு முறைகளும் ஒரே செல்லுக்குள் பின்னிப் பிணைந்து நடக்கின்றன என்று காட்டினார்கள். அதுவரை இவை தனித்தனி இடங்களில் நடக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். வறட்சி தாங்கும் பயிர்களை உருவாக்க நினைக்கும் விஞ்ஞானிகள் இந்த வரப்புக் கீரையை இப்போது கூர்ந்து பார்ப்பதற்குக் காரணம் இது. வாடிய பருப்புக் கீரையை விடிகாலையில் பறித்தால் சாயங்காலம் பறித்ததைவிடப் புளிப்பு தூக்கலாக இருக்கும். ராத்திரி சேர்த்த அமிலம்தான் அந்தப் புளிப்பு.

இப்போது தொட்டிக்கு வருவோம். மேலே சொன்னதெல்லாம் மனத்தில் இருந்தால் வளர்ப்புக் குறிப்பை நீங்களே எழுதிவிடலாம். முதல் தேவை நேரடி வெயில். குறைந்தது ஆறு மணி நேரம், எட்டு மணி நேரமென்றால் இன்னும் நல்லது. சமையலறை ஜன்னலோரமும், வடக்குப் பார்த்த பால்கனியும் ஆகாது. அங்கே வெளிச்சம் தேடித் தண்டு நீளுமே தவிர மொட்டு வைக்காது. மொட்டை மாடியில் வேறெந்தச் செடியும் தாக்குப்பிடிக்காத இடம் ஒன்று இருக்குமே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவர்மேல், அங்கே வையுங்கள். ஆழமான தொட்டி தேவையில்லை. அரையடி ஆழமுள்ள அகலத் தட்டு போதும். அடியில் ஓட்டை மட்டும் ஒன்றுக்கு நாலாக இருக்கட்டும்.

மண்ணுக்கு, செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்சாண்டைச் சலித்துத் தூளை எறிந்துவிட்டுப் பருமணலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தூள் சேர்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். களிமண் வேண்டவே வேண்டாம். தழைச்சத்து அதிகமுள்ள உரத்தைக் கொட்டினால் செடி கொழுகொழுவென்று பச்சையாக நிற்கும், பூ குறைந்துவிடும். நட்ட பிறகு மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவினால் தாராளம். தண்ணீருக்குக் கணக்கு இல்லை. விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியே வழியும் வரை நன்றாக ஊற்றி, பிறகு விட்டுவிடுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் ஆழமில்லாத தொட்டிக்குத் தினமும்கூடத் தேவைப்படலாம். தைக் குளிரில் வாரத்துக்கு இரண்டு முறையே அதிகம். இலை லேசாகச் சுருங்கினால் பதற வேண்டாம், அது கையிருப்பை எடுத்துச் செலவழிக்கிறது.

பத்து மணிக்குத்தான் ஏன் விரிகிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். அதற்குக் கடிகாரம் தெரியாது, வெப்பமும் வெளிச்சமும் தெரியும். காலை வெயில் ஏறி மொட்டைச் சூடாக்கினால் இதழ் விரியத் தொடங்கும். அதனால்தான் கோடையில் எட்டரை மணிக்கே மலர்ந்துவிடுகிற செடி, மார்கழியில் பதினொன்று வரை தாமதிக்கும். மேகம் மூடிய நாளில் பல மொட்டுகள் விரியாமலே போய்விடும். பூவின் ஆயுள் ஒரே நாள். பிற்பகலில் சுருங்கி, மாலைக்குள் இதழ் கூழாகக் குழைந்துவிடும். பறித்துச் சாமிக்கு வைக்கவோ தலையில் சூடவோ இது தோதுப்படாது. ஆனால் ஒரு செடியில் அத்தனை மொட்டு வரிசையில் காத்திருப்பதால், நாளை காலையும் தட்டு நிறைந்திருக்கும். கேரளத்திலும் இது பத்து மணிப் பூதான். வியட்நாமிலும் பத்து மணியைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

விரிந்த பூ ஒன்று கிடைத்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒற்றை இதழ் ரகமாக இருக்க வேண்டும். நடுவில் மஞ்சள் மகரந்தப் பையோடு மெல்லிய இழைகள் கூட்டமாக நிற்கும். ஓர் ஈர்க்குச்சி நுனியால் ஒரு பக்கத்து இழைகளை மெல்ல வருடிவிட்டுக் கையை எடுத்து விடுங்கள். சில நொடிகளில் அந்த இழைகள் தொட்ட திசையை நோக்கிச் சாய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொட்டாற்சிணுங்கி இலையை மூடும், இது மகரந்தத் தண்டை நகர்த்தும். தேனீ வந்து உட்கார்ந்து இழைகளை இடித்தால் இழைகள் அதன் பக்கம் வளைந்து உடம்பில் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. கொம்புத் தேனீயும் கொசுத் தேனீயும் காலை நேரம் முழுக்க இதில் மொய்க்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செடியிலும் அசைவு உண்டு என்று காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. செம்பருத்தியின் சிவப்பு, சங்குப்பூவின் நீலம், கத்தரிக்காயின் ஊதா இவையெல்லாம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருபவை. பத்து மணிப் பூவில் அது கிடையாது. பீட்ரூட்டுக்குள் இருக்கிற பீட்டாலைன் வகை நிறமிதான் இதன் நிறம். செந்தண்டுக் கீரை, காகிதப்பூ, கோழிக்கொண்டை, வாடாமல்லி, அந்திமந்தாரை எல்லாம் இந்தப் பக்கம். இந்த இரண்டு நிறமிகளையும் சேர்த்து இயல்பாகத் தயாரிக்கும் செடி இதுவரை கண்டறியப்படவில்லை. பீட்டாலைனில் ஒரு வகை செவ்வூதா, இன்னொரு வகை மஞ்சள். இரண்டும் வெவ்வேறு அளவில் கலக்கும்போதுதான் ஆரஞ்சும் சிவப்பும் பிறக்கின்றன. இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை.

இந்த நிறமியைச் செடி எப்படிச் செய்கிறது என்பதற்கான முக்கியமான மரபணுவை விஞ்ஞானிகள் முதலில் பிடித்ததே இந்தப் பூவிலிருந்துதான். சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழகக் குழு 2004-இல் அதை வெளியிட்டது. அவர்கள் சோதித்த விதம் அழகானது. வெள்ளை இதழின் செல்களுக்குள் அந்த மரபணுவை நுண் உலோகத் துகள்களில் ஏற்றிச் சுட்டுச் செலுத்தினார்கள். துகள் பாய்ந்த செல்களில் மட்டும் நிறம் ஊறி, வெள்ளை இதழில் வண்ணப் புள்ளிகள் தோன்றின. எது காணாமல் போனதால் அந்தப் பூ வெளுத்ததோ, அது கிடைத்துவிட்டது என்பதற்கு அந்தப் புள்ளிகளே சாட்சி.

இதில் உங்கள் பணத்தைக் காப்பாற்றும் ஒரு செய்தியும் இருக்கிறது. பீட்டாலைன் நீல நிறம் தராது. ஆன்லைனில் பளீரென்ற நீல டேபிள் ரோஸ் படத்தைப் போட்டு விதை விற்கிறார்கள். அது கணினியில் மாற்றிய படம். அப்படி ஒரு பூ கிடையாது, வாங்காதீர்கள்.

விதையா, தண்டா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு தண்டுதான். விதை தூசி மாதிரி சின்னது. ஒரு கிராமில் ஏறக்குறைய பத்தாயிரம் இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டுமென்பதால் மண் போட்டு மூடக் கூடாது. மணலோடு கலந்து மேலாகத் தூவி, தண்ணீரைத் தெளிப்பானால் தெளிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் முளைக்கும், ஆனால் என்ன நிறம் வருமென்று பூத்தால்தான் தெரியும். தண்டு அப்படியில்லை, தாய்ச்செடியின் நிறமே வரும். ஒரு விரல் நீளத்துக்குக் கிள்ளி, அடி இலைகளை நீக்கி, சில மணி நேரம் நிழலில் போட்டுக் காயம் ஆறவிட்டு மணலில் செருகுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும். விதைப் பெட்டகத்தை உற்றுப் பார்ப்பதற்காகவாவது சிலவற்றைக் காயவிடுங்கள். பழுத்ததும் அதன் மேல்பாதி ஒரு குட்டி மூடியாகக் கழன்று விழும். உள்ளே இரும்பு நிறத்தில் விதைகள் மின்னும். காற்றடித்தால் சிதறி, அடுத்த மழைக்குப் பக்கத்துத் தொட்டியிலும் தரை இடுக்கிலும் தானே முளைக்கும்.

பனி விழும் நாடுகளில் இது ஒரு பருவச் செடி. உறைபனி பட்டதும் செத்துவிடும். நமக்கு அந்தப் பனி இல்லை. ஆனாலும் ஒரே செடியை வருஷக்கணக்கில் வைத்திருந்தால் தண்டு முற்றி, அடிப்பக்கம் மொட்டையாகி நுனியில் மட்டும் இரண்டு பூ நிற்கும். பூப்பு ஓய்ந்ததும் பாதியாக வெட்டிவிடுங்கள். வெட்டியதையே நட்டுப் புதுச் செடியாக்குங்கள். நம் ஊரில் இதற்குச் சோதனைக் காலம் வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே தொட்டிகளை மழைச்சாரல் படாத கூரையோரம் நகர்த்திவிடுங்கள். நகர்த்த முடியாவிட்டால், ஒவ்வொரு நிறத்திலும் நாலு தண்டை ஒரு சின்ன டப்பாவில் நட்டு உள்ளே பத்திரப்படுத்துங்கள். தையில் அதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

பூச்சி அதிகம் வராது. மாவுப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள், சாயங்காலத்தில். இலையை யாரோ மொட்டையடித்திருக்கிறார்கள் என்றால் கொஞ்சம் நின்று பாருங்கள். முள்முள்ளாகக் கருத்த கம்பளிப்புழு இருந்தால் அது டனாய்டு எக்ஃப்ளை என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். பருப்புக் கீரைக் குடும்பம்தான் அதன் முக்கிய உணவு. ஆண் கருப்பில் வெள்ளை வட்டங்களோடு இருக்கும். பெண்ணோ, பறவைகள் தின்னத் தயங்கும் வெந்தய வரியனின் ஆரஞ்சு வேஷத்தைப் போட்டுக்கொண்டு திரியும். நாலு தண்டை அதற்கு விட்டுக்கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. செடி அடியிலிருந்து மீண்டும் துளிர்த்துவிடும்.

இன்னொன்று. பருப்புக் கீரையை நாம் உண்கிறோம், ஒமேகா 3 வகைக் கொழுப்பு அதில் மற்றக் கீரைகளைவிடக் கூடுதல் என்பதும் உண்மை. அதற்காக நர்சரியில் வாங்கிய அகன்ற இலைச் செடியைக் கீரை என்று நினைத்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள், பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள். இந்தக் குடும்பத்தில் ஆக்ஸலேட் அதிகம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அவை மேயாத உயரத்தில் தொட்டியை வையுங்கள்.

டீ ஆறிவிட்டது, முடித்துவிடுகிறேன். நடுவதற்கு நல்ல காலம் தையிலிருந்து பங்குனி வரை. தெருவில் யார் வீட்டு மாடியிலாவது இது பூத்திருந்தால் கூச்சப்படாமல் ஒரு தண்டு கேளுங்கள், கிள்ளிக் கொடுப்பதால் அவர்கள் செடிக்கும் நல்லதுதான். நர்சரியில் வாங்குவதாக இருந்தால் காலை பதினொரு மணிவாக்கில் போங்கள். சாயங்காலம் போனால் எல்லாத் தொட்டியும் பச்சையாகத்தான் இருக்கும், என்ன நிறமென்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.